அடுத்த வீட்டுக் கன்று

மாடு கன்றை உதைத்தது. மூன்றாவது தடவையும் உதைத்தபோது ருக்கியா பால் செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இது இந்த மாட்டுட கன்டு இல்ல."

"புது எடம். ரெண்டு நாளையில பழகிரும்," என்றான் அவள் கணவன் மஹ்மூத்.

அக்குறணைக்கு மேலே மேட்டில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. கொக்கோ விலை விழுந்து கிடந்த முப்பத்திரண்டாம் வருஷம் அது. போன வருஷம் ருக்கியா தன் காப்பை விற்று முள்ளுக்கம்பி வாங்கிக் காணியைச் சுற்றி அடித்திருந்தாள். அதன்பின் ஒரு மரவள்ளிக் கிழங்கைக்கூடப் பன்றி தோண்டவில்லை. அந்த மரவள்ளியும் மிளகும் விற்ற காசில்தான் மஹ்மூத் கலகெதரைக்குப் போய், தரகர் பாயிஸிடம் இந்த மாட்டையும் கன்றையும் வாங்கி வந்தான். மடி அப்போது வெடிக்கிற மாதிரி இருந்ததாம். கறக்காமல் கட்டி வைத்திருந்தால் எந்த மடியும் அப்படித்தான் இருக்கும். இப்போது வேளைக்கு ஒரு கோப்பைகூடத் தேறவில்லை. பசியில் கன்று ஓயாமல் கத்தியது.

"பல்லப் பாத்தீங்களா? கறந்து பாத்தீங்களா?"

"பாயிஸ் நானா மூத்த மனுசன், பள்ளியில முன் வரிசையில தொழுறவர். அவரப் போய்ச் சந்தேகப்பட ஏலுமா?"

ருக்கியா முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு மாட்டை அவிழ்த்தாள்.

"கன்டப் புடிச்சிட்டு வாங்க. வராட்டி நான் தனியாப் போறேன்."

கலகெதரையில் பாயிஸின் வீட்டு முற்றத்தில் நாலைந்து பேர் மாடு பார்க்க வந்திருந்தார்கள். ருக்கியாவைக் கண்டதும் பாயிஸ் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, பொம்புளைகள் சந்தைப் பேச்சுக்கு வாறதா? மஹ்மூத், கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குக் கறக்கத் தெரியாட்டி மாடு என்ன செய்யும்?"

மஹ்மூத் தலை குனிந்தான். ருக்கியா அவன் கையிலிருந்த கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக் கன்றை அவிழ்த்துவிட்டாள்.

கன்று எங்கும் நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கத் தொழுவத்துக்கு ஓடியது. உள்ளே கட்டியிருந்த சிவப்புப் பசு அலறிக்கொண்டு கயிற்றை இழுத்தது. எல்லாரும் போய்ப் பார்த்தபோது கன்று மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. பசு அதன் முதுகை நக்கியது.

"இப்ப சொல்லுங்க நானா! தாய்ட்ட இருந்து புள்ளையப் பறிச்சு வித்துட்டுத்தானா முன் வரிசையில நிக்கிறீங்க?"

மாடு பார்க்க வந்தவர்களில் ஒருவர் காறித் துப்பிவிட்டு வெளியே நடந்தார். மற்றவர்களும் போகத் தொடங்கினார்கள். பாயிஸின் முகம் கறுத்தது.

"சத்தம் போடாதீங்க. காசத் தாறேன்."

"காசு வேணாம். தாய் மாடு வேணும்."

அவர் மஹ்மூத்தைப் பார்த்தார். மஹ்மூத் தொழுவத்துக்குள் போய், கொண்டுவந்த மாட்டைக் கட்டிவிட்டுச் சிவப்புப் பசுவை அவிழ்த்தான்.

மேட்டுப் பாதையில் கன்று தாயை ஒட்டியே ஓடியது. பாதி வழியில் அவன் முணுமுணுத்தான்: "ஆம்புளைகளுக்கு முன்னால என்ன மடையனாக்கிட்டாய்."

"நான்தானா ஆக்கின?" என்றாள். திரும்பிப் பார்க்காமலே நடந்தாள்.

அன்று மாலை செம்பு நிறையப் பால் கறந்தாள். தேத்தண்ணி ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை. பாலாடை படிந்து ஆறிப்போனது. அவள் தன்னுடையதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.