ஜும்ஆ நேரத்தில் ஐந்து சாவிகள்

கார் கூத்தாநல்லூரில், எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றது. சாவி ஷார்ஜாவில் இருந்தது. இதற்குக் காரணம் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே சொல்லிக் காட்ட இங்கே ஆளுக்கா பஞ்சம்.

எங்கள் தெருவில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் தெருவில் பாதி அவருடைய அட்டைப்பெட்டிக்குள் ஏறிவிடும். மகனுக்கு முறுக்கு டின், மருமகனுக்குக் கருவாடு, தம்பிக்கு மூட்டுவலித் தைலம். என் வீட்டுக்காரர் ஃபாஜில் கிளம்பிய அன்றும் அப்படித்தான். முப்பது கிலோதான் கணக்கு, பெட்டியோ முப்பத்திரண்டு காட்டியது. பிரித்தோம், எடுத்தோம், அடுக்கினோம், மறுபடியும் நிறுத்தோம். நான் காரை எடுத்துக்கொண்டு போய்க் கயிறும் டேப்பும் வாங்கி வந்தேன். டேப் ஒட்ட இரண்டு கையும் வேண்டுமே என்று சாவியைத் திறந்திருந்த பெட்டிக்குள் முறுக்கு டின் மேலே வைத்தேன். அதுவரைதான் நினைவிருக்கிறது. வழியனுப்ப எல்லோரும் வேனில் திருச்சிக்குப் போனதால் அன்று சாவியை யாரும் தேடவில்லை. மறுநாள் அவர் அங்கே பெட்டியைப் பிரித்து, கருவாட்டுக்கும் முறுக்குக்கும் நடுவிலிருந்து அதை எடுத்து, வீடியோ காலில் ஆட்டிக் காட்டினார். சிரிப்பு வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய வண்டி, வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். ஷார்ஜாவிலிருந்து அடுத்து ஊருக்கு வருகிற ஆள் இருபத்தைந்து நாள் கழித்துத்தான் வருவார்.

விஷயம் என் கணவரின் அண்ணன் ஜாஹித் காதுக்குப் போனது. அவர் அடுத்த தெரு. ஆம்பளை இல்லாத வீட்டில் கார் எதற்கு என்று ஆறு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது சர்க்கரை அள்ளிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

"சாவியையே ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, இதுல வண்டி ஓட்டுறாங்களாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு ஒரு புரோக்கரைக் கூட்டிட்டு வர்றேன். வந்த வெலைக்குத் தள்ளிடுவோம்" என்றார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொல்வதுதான் அவருக்குச் சரி. "அண்ணன் சொல்றதும் சரிதானே, சாஜிதா?" என்றார் போனில்.

நான் கத்தினேன். குடவாசலில் என்னைப் பெற்ற உம்மா மெஹராஜ் பேகம் ஒரு பக்கம் கைகால் விளங்காமல் கிடக்கிறார். வாரம் மூன்று நாள் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார் வருவதற்கு முன்னால் நான் யார் யார் வாசலில் நின்று, அவர்கள் வண்டி எப்போது ஒழியும் என்று கேட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். மறுபடியும் அப்படி நிற்க என்னால் முடியாது.

"சரி சரி, வெள்ளிக்கிழமை அண்ணன் வரும்போது வண்டி ஓடுச்சுன்னா விக்க வேணாம். நிக்கிதுன்னா கையெழுத்துப் போட்டுடு" என்றார். வண்டி என் பெயரில்தான் இருக்கிறது. அவர் வெளிநாட்டில் இருப்பதால் அப்படிப் பதிந்தார். இருந்தும் அவர் சொல்லி நான் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு இரண்டாகும்.

அன்று செவ்வாய்க்கிழமை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். பதினேழாயிரம், இருபது நாள், வண்டியைக் கட்டி இழுத்து வரவேண்டும் என்றார்கள். என் கையில் இருந்தது நாலாயிரம். மிச்சத்துக்கு ஜாஹித்திடம்தான் போய் நிற்க வேண்டும். அதற்கு வண்டியையே கொடுத்துவிடலாம்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு நம்பர் கொடுத்தார். பெயர் செம்மொழி. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் சாவிக் கடை வைத்திருக்கிறாள்.

"ஒரு சாவிகூட கையில இல்லையாக்கா? அப்ப வேலை ஜாஸ்தி. பட்டன் வச்ச ரிமோட் வேணுமா?"

"வேணாம்மா. கதவை நான் கையாலயே தொறந்துக்கறேன்."

"அதுலயே பாதி செலவு கொறைஞ்சிரும். ஆனா உள்ள சிப் இருக்கணும். அதை வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்கா. அங்க வந்து செய்ய ஆயிரத்து ஐந்நூறு தனி."

நான் விடவில்லை. கெஞ்சினேன், கோபித்தேன், உம்மா கதையை முழுக்கச் சொன்னேன். கடைசியில் அவள், "என் மெஷினுக்கு இன்னும் தவணை கட்டறேன்கா. ஒண்ணு பண்ணுங்க. உங்க தெருவுல அஞ்சு வண்டிக்கு வேலை சேத்துக் குடுங்க. வர்ற செலவு வேணாம், உங்களதை மூவாயிரத்துக்குப் போட்டுத் தர்றேன். சாவி உள்ள வண்டிக்கு டூப்ளிகேட் ரெண்டாயிரம்" என்றாள்.

அஞ்சு வண்டி! எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கார் உறை போட்டுத் தூங்குகிறது. புருஷன் துபாயில், கார் கொட்டகையில், சாவி மாமனாரிடமோ கொழுந்தனிடமோ. ஆனால் பெண்கள் கையில் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அதை எப்படி வாங்குவது என்று மூலைவீட்டு நஜ்மாவிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னா எல்லாரும் பள்ளிவாசலுக்கு நடந்துதானே போறாங்க? சாவியெல்லாம் ஆணியில தொங்கும்டி" என்றாள் அவள்.

அன்றைக்கே நஜ்மாவும் அவள் வரிசையில் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள்தான் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அடுத்த தெருவுக்கே, ஜாஹித்தின் மனைவி ஃபஹ்மிதா அக்காவிடம் போனேன். நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் லைசென்ஸ் எடுத்தோம். அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

"அவருக்குத் தெரிஞ்சா?" என்றார்.

"தெரியட்டும். மூணு வருஷமா லைசென்ஸைப் பீரோவுல வச்சு என்னக்கா செய்றீங்க?"

அவர் துணி மடிக்கப் போய்விட்டார். ராத்திரி வாட்ஸ்அப்பில் அவருடைய ஆர்.சி. புத்தகத்தின் படம் வந்து விழுந்தது. வண்டி யாருடையது என்று பார்க்காமல் செம்மொழி சாவி வெட்ட மாட்டாள். ஐந்து ஆர்.சி.யையும் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள். "என்னக்கா இது, அஞ்சு வண்டியும் பொம்பளைங்க பேர்ல இருக்கு. அப்புறம் எதுக்கு ஒளிஞ்சு செய்றீங்க?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஷார்ஜா சாவியை ஒரு ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அளவு தெரிந்தால் படத்தைப் பார்த்தே வெட்டிவிடலாமாம். என் வீட்டுக்காரர் அனுப்பிய முதல் மூன்று படத்திலும் அவருடைய கட்டைவிரல்தான் இருந்தது. நான்காவது தேறியது.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்குப் பாங்கு சொன்னார்கள். தெரு வெள்ளைச் சட்டையாகப் பள்ளியை நோக்கிப் போனது. செம்மொழியைக் காணோம். போன் செய்தால், "நீடாமங்கலம் கேட் போட்டுட்டான்கா. சரக்கு ரயிலு, இஞ்சின் மாத்துறாங்க" என்றாள். அந்த ரயிலை நான் திட்டிய திட்டு ஜும்ஆ நாளில் சொல்லத்தக்கதல்ல.

ஒன்றாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டர் வந்து நின்றது. வழியெல்லாம் ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்ததால், அவள் துப்பட்டா முழுக்க நெல் தூசி. தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷினை இறக்கி எங்கள் கொட்டகையில் பிளக்கை மாட்டினாள்.

"உங்க சாவிய கடையிலயே வெட்டிட்டேன். பதியறதுதான் பாக்கி. முதல்ல முடிச்சிடவா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் முந்தானையில் சாவியை முடிந்துகொண்டு நான்கு பேர் நிற்கிறார்கள். ஃபஹ்மிதா அக்கா தெருமுனையையே எட்டி எட்டிப் பார்க்கிறார். ஆண்கள் திரும்புவதற்குள் அந்தச் சாவிகள் ஆணிக்குப் போயாக வேண்டும்.

"என்னோடது கடைசி" என்றேன்.

"நேரம் ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டும். நீ அவங்களதைப் பாரு."

மெஷின் கிறீச்சிட்டது. ஒரு சாவி வெட்டியதும் அதைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே வயரைச் சொருகி, கையடக்கத் திரையில் எதையெதையோ தட்டி, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். வண்டி உறுமும். அடுத்த வீடு. ஐம்பது வயதில் நான் இப்படி ஓடியதில்லை. ஃபஹ்மிதா அக்கா வீட்டு ஆணியில் சாவி திரும்பவும் தொங்கியபோது மணி ஒன்று நாற்பது. முக்கில் ஜாஹித்தின் குரல் கேட்டது. நாங்கள் கொல்லை வழியாக வெளியே வந்தோம்.

இனி என் வண்டி. செம்மொழி வயரைச் சொருகினாள், தட்டினாள், முகத்தைச் சுளித்தாள். "பேட்டரி எறங்கிடுச்சிக்கா. பழைய பேட்டரி, நின்னே கெடந்ததால. இதுல பதிஞ்சா பாதியில நின்னுரும்."

புரோக்கர் எந்த நிமிடமும் வந்துவிடுவார். பக்கத்தில் நின்ற நஜ்மா விறுவிறுவென்று வெளியே போனாள். சாப்பாட்டுக்கு வந்த ஆண்கள் தெருவில் நிற்க, அவர்கள் எல்லோரும் பார்க்க, தன் காரைத் தன் சாவியால் எடுத்து, ரிவர்ஸில் எங்கள் கொட்டகை வரை கொண்டுவந்து நிறுத்தினாள். சுவரில் லேசாக உரசியது. யார் கேட்பது? இரண்டு பேட்டரிக்கும் ஒயர் போட்டோம். செம்மொழி மறுபடி தட்டினாள். திரையில் நிமிடங்கள் ஓடின.

"போடுங்கக்கா."

திருப்பினேன். ஒரே திருப்பு. வண்டி கிளம்பிவிட்டது. நான் ஸ்டீயரிங் மேலேயே தலையை வைத்து அழுதுவிட்டேன்.

"ஷார்ஜால இருக்கற சாவியோட பதிவை வண்டியிலேர்ந்து அழிச்சிட்டேன். இனிமே இதுதான் சாவி" என்றாள் செம்மொழி. மூவாயிரத்தை வாங்கி ஒருமுறைகூட எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

ஜாஹித் புரோக்கரோடு நடந்து வந்தபோது நான் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, அணைக்காமல் வைத்திருந்தேன்.

"சாவி யாரு கொண்டு வந்தா?" என்றார்.

"யாரும் கொண்டு வரல மச்சான். இங்கயே செஞ்சாச்சு. மூவாயிரம்."

நம்பாமல் ஷார்ஜாவுக்கு வீடியோ போட்டார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஓடுது, கேக்குதாங்க?" என்று கத்தினேன். அன்று கடைசியாகப் பேசியது நான். "ஓடுதுல்லண்ணே, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். புரோக்கர் செம்மொழியிடம் போய் அவள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஜாஹித்தின் வெள்ளை கார் ஊர்ந்து வந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனவர் ஆணியிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்போல, சாவி அங்கேதான் இருந்தது. எடுத்துப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடியும் சாவியைப் பார்த்தார்.

கார் அவர் முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ஃபஹ்மிதா அக்காவின் நெற்றியெல்லாம் வேர்வை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தார்.

"வெயில்ல ஏன் நடக்குறீங்க? ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஜாஹித் ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்து நின்றார். அக்கா நகரவில்லை. பிறகு அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.