பிளாங்க் புட்டியில் ஊற்றிய தண்ணீர்

லேபிலிருந்து என் மேலதிகாரி இஷ்ரத் மேடம் போன் செய்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் நின்று என் மகளுக்குக் கறுப்பு வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்து இருபத்து மூன்று நாள் ஆன பிள்ளை. கண் பட்டுவிடும், கையோடு வாங்கி வா என்று என் மனைவியின் அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். எடுத்துக் காட்டியதெல்லாம் பிள்ளையின் கைக்குப் பெரிதாக இருந்தது. இன்னும் சின்னதாகத் தேடிக் கடைக்காரம்மா உள்ளே போயிருந்தார்.

"முகுந்தன், கேம்ப் ரிசல்ட் வந்திருச்சு," என்றார் மேடம். "பிளாங்க்ல இருக்கு."

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடிப் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஷா ஆலமில் ஒரு தனியார் லேபில் தண்ணீர் சாம்பிள் எடுக்கிறவன். காப்பாரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பழைய ராணுவ முகாம் இருக்கிறது. அதைக் காலி செய்து வீடு கட்டக் கொடுக்கப் போகிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் மண்ணும் தண்ணீரும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முகாமின் பின்பக்கம் ஒரு பெரிய குழி. முப்பது வருஷமாக அதில் எண்ணெயைக் கொளுத்துவதும் நுரை அடித்து அணைத்துப் பழகுவதுமாக இருந்திருக்கிறார்கள். அந்த நுரையில் உள்ள ரசாயனம் மக்காது. மழையோடு இறங்கி நிலத்தடித் தண்ணீரில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்புக்குள் போனால் வருஷக்கணக்கில் குடியிருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், தாய்ப்பாலிலும் போகும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான் சமர்த்தாக எழுதிக்கொண்டேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

சாம்பிள் எடுக்கப் போகும்போது, லேபில் சுத்தம் செய்து மூடி வைத்த தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். அந்த இடத்திலேயே அதைத் திறந்து ஒரு புட்டியில் ஊற்றி, மற்ற புட்டிகளோடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அதுதான் பிளாங்க். நம் கையிலிருந்தோ சட்டையிலிருந்தோ எதுவும் சாம்பிளில் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அதில் எப்போதும் பூஜ்யம்தான் வரும். வந்தாக வேண்டும்.

"குழிகிட்ட இருக்குற கெணத்துல ஆயிரக்கணக்குல இருக்கு. அது தெரிஞ்சதுதான்," என்றார் மேடம். "வேலியோரம் லிட்டருக்கு நானூத்திப் பத்து நானோகிராம். பிளாங்க்ல எரநூத்தி அறுபது. குழியில என்ன வகையோ அதே வகை, அதே விகிதம். என்ன செஞ்சீங்க?"

"கையுறை கிழிஞ்சிருக்குமோ என்னவோ, மேடம்."

வாய் கூசாமல் சொன்னேன். முழு வேலையும் செல்லாது, ஆள் செய்த தவறு என்று எழுதி மூடிவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டாராம். முகாம்காரர்களுக்கும் அதில் பரம சந்தோஷமாம். ஐந்து மணிக்குள் என் விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றார். சரி என்று வைத்துவிட்டேன். கடைக்காரம்மா வளையலோடு திரும்பி வந்தபோது நான் காருக்குப் பாதி தூரம் ஓடியிருந்தேன்.

மற்றவர்கள் செய்யும் தப்புக்கு நான் ஆடாத ஆட்டம் கிடையாது. அன்று முகாமில் துணைக்கு வந்த சார்ஜென்ட், தூறலுக்கு மழைக்கோட்டு போட்டிருந்தார். அந்தத் துணியிலேயே இந்த ரசாயனம் இருக்கும், கழற்றினால்தான் கிணற்றுப் பக்கம் வரலாம் என்று அந்த மனிதரை நனைய விட்டேன். அப்படிப்பட்ட யோக்கியன், லேப் தண்ணீர்ப் பெட்டியை மட்டும் ஷா ஆலமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

முதல் நாள் இரவு காப்பாரில் அக்கா வீட்டில் பிள்ளை பக்கத்தில் படுத்துவிட்டு, விடிந்ததும் அங்கிருந்தே நேராக முகாமுக்கு வந்ததில் வந்த வினை. பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே இருக்க அனுமதி இல்லை. மறுபடி அனுமதி வாங்க இரண்டு மாதம் ஆகும். சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேனில் அக்கா கொடுத்துவிட்ட குடிதண்ணீர் பாட்டில் கிடந்தது. நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்த தண்ணீர். இதைவிடச் சுத்தமான தண்ணீர் சிலாங்கூரில் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். பிளாங்க் புட்டியில் அதை ஊற்றினேன். சாம்பிளோடு நிரப்ப வேண்டிய பாரத்தில் 'லேப் தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கார்கள் நகரவே இல்லை. என் மனைவி லோகேஸ்வரிக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. பிள்ளை தூங்கினால் போனின் வாயை அடைத்துவிடுவாள். வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. நேற்றுவரை அது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டேன். பக்கத்துக் காரில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அக்கா வீடு முகாமிலிருந்து இரண்டு கிலோமீட்டர். எனக்கு அது தெரியாமல் இல்லை. முகாம்காரர்கள் கொடுத்த வரைபடத்தில் நிலத்தடித் தண்ணீர் கடல் பக்கம் போவதாக அம்பு போட்டிருந்தார்கள். அக்கா வீடு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரு அம்பை நம்பி என் பெண்டாட்டி பிள்ளையை அங்கே வைத்திருந்தேன். குழாயில் தண்ணீர் வராத வீடும் இல்லை அது. பிள்ளை பெற்றவள் குழாய்த் தண்ணீர் குடித்தால் பாலில் மருந்து வாடை அடிக்கும் என்பது அக்காவின் கட்சி. அதனால் கிணற்றுத் தண்ணீர்தான், அதுவும் கொதிக்கவைத்துத்தான். அக்கா மூன்று பிள்ளை பெற்றவர், தாயில்லாத தங்கையைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவர். நானும் ஆமாம் சாமி போட்டுவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். கூடத்தில் அக்கா கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டிருந்தார். கையில் பாலாடை. பிள்ளை வயிறு உப்பியிருக்கிறது என்று ஓமத்தண்ணீர் புகட்டப் போகிறார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் பிள்ளையின் கழுத்தில் சிந்தியது. என் சட்டையைக் கழற்றி அதைத் துடைத்தேன். பிள்ளை வீறிட்டு அழுதது.

லோகேஸ்வரி அறையிலிருந்து வந்தாள். கையில் சொம்பு. பாதி குடித்திருந்தாள். அதையும் பிடுங்கி வாசலில் கொட்டினேன். கிணற்றுத் தண்ணீரில் முகாமின் விஷம் இருக்கிறது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன தம்பி பேசுறீங்க? நான் அப்படியேவா குடுத்தேன்? பொங்கப் பொங்கக் கொதிக்க வெச்சேன்லா."

கிருமி என்றால் கொதியில் சாகும். இது சாகாது. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், விஷம் அப்படியே நிற்கும். அவர் பாசத்தோடு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாரோ அவ்வளவுக்கு அது கெட்டியாகியிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. கிணற்றுக்கு மூடி போடுங்கள், யாரும் இறைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதெப்படி முடியும் என்றார் அக்கா. குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில் இந்த வரிசையில் பதினாலு வீடும் இங்கேதான் இறைக்கிறதாம். போன வாரம்கூட மூன்று நாள் இறைத்தார்களாம்.

பதினாலு வீடு. கையுறை கிழிந்தது என்று நான் எழுதிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். உண்மையை எழுதினால் பொய்க் கையெழுத்துக்கு என் வேலை போகும். நெடுஞ்சாலை முழுக்க இதை யோசித்துக்கொண்டுதான் வந்தேன், வெட்கமாக இருக்கிறது. இப்போது யோசிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. வாசலுக்கு வந்து போனை எடுத்தேன்.

"மேடம், பிளாங்க்ல ஊத்துனது லேப் தண்ணி இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப அது பிளாங்க் இல்ல, முகுந்தன். அது சாம்பிள்," என்றார். "உங்க வேலைக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இப்ப புதுப் பாரம் எழுதுறேன். கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

கிணறு எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை வீடு என்று கேட்டார். வழக்கமாக நான் மற்றவர்களின் வாசலில் நின்று, எழுதும் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்விகள்தான். ஒவ்வொன்றாகச் சொன்னேன். லோகேஸ்வரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படிக்கு வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கிறவங்கள்ல சின்னப் பிள்ள யாராச்சும்?"

"ஒண்ணு இருக்கு, மேடம். பொறந்து இருவத்து மூணு நாள்."

"அப்ப இருவத்து மூணு நாள்னு எழுதிக்கிறேன்."

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு லோகேஸ்வரியை இந்த வாசலில் நான்தான் கொண்டுவந்து இறக்கினேன்.

"இல்ல, மேடம்," என்றேன். "அது பொறக்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிலேருந்தே குடிக்குது."