வரலாற்றில் இல்லாத பெயர்

“வரலாத்துல உங்க பொண்ணு பேரே இல்லம்மா” என்றார் தனம் டீச்சர்.

பெரியநாயகி மகளைத் திரும்பிப் பார்த்தாள். “வரலாறுங்களா? இவ கம்ப்யூட்டர் குரூப்பாச்சேங்க.”

பக்கத்து மேசையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் சிரித்துவிட்டார். தனம் டீச்சர் சிரிக்கவில்லை. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் விக்கி அது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்பதை அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்குத்தான் வரலாறு என்று பெயர்.

“பாருங்க. ‘நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்’னு ஒரு பக்கம். ரெண்டு பேர் சேந்து எழுதணும். நாப்பத்தோரு தடவ எழுதினது சண்முகப்பிரியா. இளவேனில் ஒரு தடவகூட இல்ல. நான் எப்படி மார்க் போடறது? கடலூர் கண்காட்சிக்கு இந்தப் பக்கத்ததான் எடுத்திருக்காங்க. எழுதினவங்க ஒருத்தர் போய் விளக்கணும். சண்முகப்பிரியா பேரக் குடுத்துட்டேன்.”

“வூட்டுல இதத்தாங்க பேசிகினு இருந்தா. அவங்கப்பாவ சோறு துன்ன வுடாம கேள்வி கேட்டுகினு...”

“பேசினா போதுமாம்மா?”

“மிஸ், அது...” என்று தொடங்கிய இளவேனில் நிறுத்திக்கொண்டாள். சொன்னால் தோழியைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

விக்கிக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் தனி ஐடி வேண்டும். அதைப் பதியும்போது போனுக்கு ஓடிபி வரும். இளவேனில் வீட்டில் ஒரே போன்தான். அது அப்பா சிங்காரவேலோடு ஷிப்ட்டுக்குப் போய்விடும். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி செல்லாமல் போய்விடும். மூன்று நாள் இப்படியே போனபிறகு சண்முகப்பிரியாதான் சொன்னாள்.

“என் ஐடில எழுதுடி. பாஸ்வேர்டு தரேன். ரெண்டு பேரு பக்கம்தானே?”

“அப்ப நீ?”

“நான் படம் போடறேன். நீ காண்ட்ராக்ட், நான் பெர்மனன்ட். வேலை உன்னுது, பேரு என்னுது.”

சண்முகப்பிரியாவின் அப்பா நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் நிரந்தர ஊழியர்; டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீடு. இளவேனிலுக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. சிங்காரவேல் அதே சுரங்கத்தில் பதினாறு வருடமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளி. அன்று இருவருமே விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒரு மாதம், மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடி ஓடி எழுதினாள் இளவேனில்.

டீச்சர் அம்மாவிடம் பேசிய வெள்ளிக்கிழமை சாயங்காலமே சைக்கிள் ஸ்டாண்டில் தோழியை மறித்தாள்.

“மிஸ்கிட்ட சொல்லுடி.”

“சொல்றேன்.”

“எப்ப?”

“அப்பா ஆபீஸ் முழுக்க ஸ்வீட் குடுத்துட்டாருடி. கொஞ்சம் டைம் குடேன்.”

“கடலூர்ல மண்ண ஏன் அடுக்கடுக்கா வெட்டறாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“விக்கில இருக்கறதப் படிச்சுட்டுப் போறேன்.”

“நான் எழுதினத.”

சண்முகப்பிரியா சைக்கிள் பூட்டோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினாள். “திங்கக்கெழம சொல்லிடறேன். ப்ராமிஸ்.”

வீட்டில் பெரியநாயகி, “வுட்டுடுடி, சிநேகிதம் போயிடும்” என்றாள்.

“அவள வுடச் சொல்லாத” என்றார் சிங்காரவேல்.

திங்கட்கிழமை முதல் பீரியட் போனது. இரண்டாவதும் போனது. சண்முகப்பிரியா நோட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. இடைவேளை மணி அடித்ததும் இளவேனில் லேபுக்கு ஓடினாள். சண்முகப்பிரியாவின் ஐடி, சண்முகப்பிரியாவின் பாஸ்வேர்டு. பக்கத்தின் அடியில் தட்டினாள்: ‘இதை எழுதியது இளவேனில். நான் படங்கள் மட்டுமே சேர்த்தேன். சண்முகப்பிரியா.’

அந்தக் கடைசிச் சொல்லை அடிக்கும்போது மட்டும் விரல் தயங்கியது. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டு சேமித்தாள். வரலாற்றில் சண்முகப்பிரியாவுக்கு நாற்பத்திரண்டு ஆனது.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில் தனம் டீச்சர் வகுப்புக்குள் வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

“சண்முகப்பிரியா, எழுந்து நில்லு. தப்பு பண்ணாதவங்க யாரு? ஆனா அத எல்லாரும் பாக்கற எடத்துல, தன் பேரப் போட்டு ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும். கை தட்டுங்க.”

வகுப்பு தட்டியது. பின்பெஞ்சில் அருண்குமார் விசிலே அடித்துவிட்டான்.

“இளவேனில், கடலூருக்கு நீதான் போற. முழு மார்க்கும் உண்டு. உண்மையச் சொன்னாளே, அவளுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு.”

இளவேனில் எழுந்தாள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தேங்க்ஸ்.”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் சண்முகப்பிரியா உதடு அசையாமல் பேசினாள்.

“நான் அத எழுதல.”

“தெரியும்.”

“இன்டர்வல்ல ஸ்டாஃப் ரூம் வாசல்லதான்டி நின்னேன். மிஸ் இல்ல. லஞ்ச்ல சொல்லலாம்னு இருந்தேன்.”

இளவேனில் அவள் முகத்தையே பார்த்தாள். சண்முகப்பிரியாவின் கண்கள் சிவந்திருந்தன. இந்தக் கைதட்டலாலா, காலையிலிருந்தேவா, தெரியவில்லை.

“நெஜமாவா?”

“இனிமே நான் எதச் சொன்னா என்ன?” என்றாள் சண்முகப்பிரியா. “அதையும்தான் நீயே எழுதிட்டியே.”