தீவுக்குப் போனால் செய்ய வேண்டியவை

மாரியாயி நோம்பிக்கு எப்போது சாட்டுவது என்று நாள் குறிப்பவர் எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் மாணிக்கம். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். இந்த வருஷம் நாள் குறித்ததில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். மாரியாயி அவரை மன்னிப்பாளோ என்னவோ, நான் மன்னிக்கிற மாதிரி இல்லை.

சாட்டு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தப்பட்டை அடித்து, கோயில் முன்னால் கம்பம் நட்டு, காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து எட்டு நாள் நோம்பி, அதாவது திருவிழா. அந்த எட்டு நாளும் ஊரைச் சேர்ந்த ஒருத்தரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. வீடுகளில் கறி கிடையாது, தாளிப்புக் கிடையாது. எங்கள் மலையில், திண்ணனூர் நாட்டில் மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் இதில் யாருக்கும் சலுகை இல்லை. வழக்கமாகச் சித்திரைப் பௌர்ணமி கழிந்துதான் சாட்டுவார்கள். அதை நம்பித்தான் நான் கடல் பார்க்கப் போகத் திட்டம் போட்டேன்.

மாணிக்கத்துக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டேஜ் இருக்கிறது. ஆறு ரூம். கோடை வந்தால் சேலம், ஈரோடு, பெங்களூர் என்று கார் கட்டிக்கொண்டு வருவார்கள். பன்னிரண்டு வருஷமாக அங்கே சமைப்பது நான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துவிட்டு வந்து இறங்குபவர்களுக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுப்பதிலிருந்து என் வேலை ஆரம்பம். "அக்கா, இங்க என்னென்ன பார்க்கலாம்?" என்பார்கள். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், சீக்குப்பாறை, வாசலூர்ப்பட்டி போட்டிங் என்று ஒப்பிப்பேன். அந்தப் போட்டில் நான் ஒரு நாளாவது ஏறியிருக்கிறேனா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஏறினதில்லை. அவர்கள் போட்டில் போகிற நேரத்தில்தான் நான் கோழி அறுக்க வேண்டும்.

தை மாசம் ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போன பிறகு தலையணைக்கு அடியில் ஒரு பத்திரிகைத் தாள் கிடந்தது. 'தீவில் விடுமுறையா? செய்ய வேண்டியவை இதோ' என்று போட்டு, நீலக் கடலும் தென்னை மரமுமாக ஒரு படம். முதல் எண்ணில் என்ன தெரியுமா? 'எதுவும் செய்யாமல் இருங்கள்.' கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அதை நான்கு தடவை படித்தேன். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு காரியமாம். அதற்குக் கிளம்பி ஒரு தீவுக்குப் போக வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். ஏனோ மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே முள்ளுக்குறிச்சியிலிருந்து கோகிலா போன் செய்தாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். சித்திரையில் ஒரு வேன் பிடித்துப் பெண்களாக ராமேஸ்வரம் போகிறோம், வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி மூன்று நாள், வருகிறாயா என்றாள். ராமேஸ்வரம் தீவுதானே என்று கேட்டேன். "தீவுதான்டி, பாலத்துலதான் போவணும்" என்றாள். என் பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக நானே எடுத்த முடிவு அது.

வீட்டுக்காரர் கதிர்வேல், "போயிட்டு வா புள்ள" என்றார். மாணிக்கத்திடமும் இரண்டு மாசம் முன்பே சொன்னேன். பல் குத்திக்கொண்டே தலையாட்டினார்.

அப்புறம் நானும் ஒரு பட்டியல் எழுதினேன். பத்திரிகைக்காரன் பட்டியல் எனக்கு எதற்கு? தண்ணீர் நிஜமாகவே உப்புக் கரிக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடி மணலில் காலை நீட்டி உட்கார வேண்டும். லாட்ஜில், எங்கள் காட்டேஜுக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கிற மாதிரியே, "சுடுதண்ணி வந்துருச்சா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். இன்னொருத்தர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்ல வேண்டும். இது கெட்ட ஆசைதான். பன்னிரண்டு வருஷம் கேட்டவளுக்கு ஒரு தடவை சொல்லக் கூடாதா?

வேன் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போதுதான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊரைக் கூட்டி, "வர்ற செவ்வாக்கெழமை சாட்டு" என்றார் மாணிக்கம். பௌர்ணமிக்கு இன்னும் பதினைந்து நாள் கிடந்தது. ஏன் இத்தனை அவசரம் என்று யாரோ கேட்டதற்கு, "மாரியாயி கனவுல வந்து கேட்டுட்டா. நாம மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான் போட்டுக்கொண்டேன், அழுகையை அடக்கிக்கொண்டு. சாமியே கேட்டுவிட்டாள் என்றால் கடலாவது தீவாவது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தத் தேறுதல் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் காட்டேஜ் கூட்டப் போனேன். சமையல்கட்டுக் காலண்டரில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் சேர்த்து வட்டம் போட்டு, '30 பேர், நாட்டுக்கோழி' என்று மாணிக்கத்தின் கையெழுத்தில் இருந்தது. அங்கே பெட்ஷீட் துவைக்கிற முனியாயி அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது எப்ப எழுதினதுங்கக்கா?"

"போன புதங்கெழமை கண்ணு. அந்த ஆளுக போன் பண்ணினப்ப நான் இங்கதான் துணி மடிச்சிட்டிருந்தேன். 'அந்த நாளுக்கு எங்க சமையல்காரம்மா ஊருக்குப் போவுது, ஆனா நிறுத்திப்போடலாம், நீங்க வாங்க'ன்னு சொன்னாரு. எப்படி நிறுத்துவாருன்னு அப்பத் தெரியல. நேத்துத்தான் தெரிஞ்சுது."

போகாதே என்று என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தோற்றிருந்தாலும் தோற்றிருப்பேன். கோழி வறுக்க ஆள் வேண்டும் என்பதற்காக இந்த மனுஷன் சாமியைக் கனவில் வரவழைத்துவிட்டார்!

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, சாட்டினப்புறம் ஊருக்குள்ள கறி ஆக்கலாங்களா?"

"காட்டேஜு ஓடைக்கு அந்தாண்ட இருக்குது. ஓடைதான் எல்லை. அங்க என்ன வேணா ஆக்கலாம்."

"அப்ப அது வெளியூரு. நான் மட்டும் அங்க போயி ஆக்கலாங்களா?"

"ராத்தங்கத்தான் கூடாது. ஆக்கி எறக்கி வெச்சிட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வந்துரு." டீயை உறிஞ்சினார். "கடலு எங்க போயிரப் போவுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கதிர்வேலிடம் கத்தினேன். அவர் மம்பட்டியைக் கழுவிக்கொண்டே, "அண்ணனை எதுத்து என்னன்னு பேசறது?" என்றார். கல்யாணமானதிலிருந்து இந்த ஒரே கேள்விதான். அதற்கு அவரே இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

சாட்டை மீறி வேன் ஏறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஏறியிருப்பேன். ஆனால் அந்த எட்டு நாளில் ஊரில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டால், நான் சாகிற வரைக்கும் அது என்னால்தான். மாணிக்கத்துக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். கோகிலாவுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். அவள் திட்டினாள். நானும் யாரையோ திட்ட வேண்டும்போல இருந்ததால் அவளைத் திட்டினேன்.

பட்டியலையும் அந்தப் பத்திரிகைத் தாளையும் எடுத்து அடுப்பில் போடப் போனேன். போடுகிற நேரத்தில்தான் தாளின் முதல் எண் கண்ணில் பட்டது. 'எதுவும் செய்யாமல் இருங்கள்.' அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்க்கட்டுப்பாடு எல்லாருக்கும் பொது. ஆனால் கையில் காப்பு வாங்கிக்கொள்கிறவர்களுக்குத் தனிக் கட்டு உண்டு. அவர்கள் எட்டு நாளும் கோயில் கொட்டகையில் இருக்க வேண்டும். அடுப்பைத் தொடக் கூடாது, அடுத்தவர் வேலைக்குப் போகக் கூடாது. வீட்டு ஆட்கள்தான் சோறாக்கிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் ஊர்க்கவுண்டர் முதல் காப்பு வாங்குவார். அவர் பின்னால் நாலைந்து ஆண்கள் வாங்குவார்கள். அடுப்பைத் தொடாமல் இருப்பது அவர்களுக்கு விரதமாம். என்றைக்குத் தொட்டார்கள்? பெண்கள் வாங்கக் கூடாது என்று கட்டு எதுவும் கிடையாது. அடுப்பை யார் பார்ப்பது என்று யாரும் வாங்குவதில்லை, அவ்வளவுதான். தட்டில் தேங்காயும் வெற்றிலையும் மஞ்சள் கயிறும் வைத்து நீட்டினால் பூசாரி கட்டியே ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் தப்பட்டை அடித்தது. பூசாரி வெள்ளியங்கிரி, மாணிக்கத்தின் கையில் முதல் காப்பைக் கட்டினார். இன்னும் மூன்று பேருக்குக் கட்டினார். "வேற ஆரு?" என்று வழக்கத்துக்குக் கேட்டார். நான் தலைக்கு ஊற்றின ஈரத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

மாணிக்கத்தின் முகம் மாறியது. "நீ எதுக்கும்மா? பொம்பளைகளுக்குச் சிரமம்."

"மாரியாயி என் கனவுலயும் வந்துட்டாளுங்க மாமா. நாம மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கனவில் வந்த சாமியை அவர் எப்படி இல்லை என்பார்? சொன்னால் அவர் கனவும் சேர்ந்தல்லவா போகும்? வெள்ளியங்கிரி என் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். திரும்பினால் என் பின்னால் முனியாயி அக்கா தட்டோடு நிற்கிறாள்.

"எனக்குங் கட்டுங்க சாமி" என்றாள். "பெட்ஷீட்டு அவுங்களே தொவைச்சுக்கட்டும்."

மாணிக்கம் அன்றிலிருந்து மூன்று நாளும் போனும் கையுமாக இருந்தார். செம்மேட்டில் ஆள் கேட்டார், குண்டூர் நாட்டில் கேட்டார். கல்யாண சீசன், ஒரு சமையல்காரரும் அகப்படவில்லை. அவரே செய்யலாம் என்றால் அவர் கையிலும் காப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பது பேரும் வந்து இறங்கினார்கள். கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்றது யார் என்று சொல்ல வேண்டுமா? அண்ணனை எதிர்த்துப் பேசத் தெரியாத என் வீட்டுக்காரர்தான்.

நான் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே எதுவும் செய்யவில்லை. முதல் நாள் கை பரபரத்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஓடைக்கு அந்தப் பக்கம் புகை கிளம்பியதை முனியாயி அக்காவும் நானும் வேடிக்கை பார்த்தோம். சாயங்காலம் மாணிக்கம் கொட்டகையின் மறு ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்தார்.

"ஏம்மா, நாட்டுக்கோழிக்கு மசாலா எப்பப் போடோணும்? அதை மட்டும் சொல்லு. கதிர்வேலுக்குப் போன்ல சொல்லிர்றேன்."

"ஏனுங்க மாமா, கையில காப்பைக் கட்டிக்கிட்டு, கோயில்ல உக்காந்துட்டுக் கறிப்பேச்சுப் பேசலாங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். மாணிக்கம் நகர்ந்து போய்விட்டார்.

சனிக்கிழமை கோகிலா வீடியோ காலில் கூப்பிட்டாள். தனுஷ்கோடியில் நிற்கிறாள் என்று தெரியும். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. உள்ளங்கை அகலக் கண்ணாடியில் அடுத்தவர் காட்டியா நான் கடலைப் பார்க்க வேண்டும்? என் காலில் தண்ணீர் பட வேண்டும். என் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கதிர்வேல் எனக்குச் சோறு கொண்டுவந்தார். கண் இரண்டும் புகையில் சிவந்து கிடந்தன. வலது கையில் இரண்டு விரல் கொப்பளித்திருந்தது. தட்டை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார்.

"முப்பது பேருக்கு ஆக்கறது லேசுப்பட்ட வேலையில்ல புள்ள."

"ஆமாங்க."

"சாப்புட்டுப்போட்டு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"சொல்லுவாங்க."

தட்டை என் பக்கம் தள்ளினார். "நோம்பி முடியட்டும். வைகாசியில நானே ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வர வேண்டாங்க. நான் கோகிலாவோட போயிக்கறேன். அந்த மூணு நாளும் நீங்க காட்டேஜுல ஆக்குங்க. உங்கண்ணன் கேட்டா, நான் சொன்னேன்னு நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அந்தப் பழைய கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது எனக்குத் தெரிந்தது. கொப்பளித்த விரலைப் பார்த்துக்கொண்டார். "செரி, சொல்றேன்" என்றார்.

நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். தாளிக்காத பருப்பு, கொஞ்சம் குழைந்த சோறு. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, பெங்களூர்க்காரர்கள் மாதிரி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்குங்க. உப்பு கொஞ்சம் கம்மி."