விசில் வராத வீடு

தாஜ் முகம்மது காலையில் வீடு வந்து படுத்ததும் மனைவி ஷம்ஸியா முதலில் செய்யும் காரியம், குக்கர் வெயிட்டைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைப்பது. சோறு திறந்த பானையில்தான் வேகும். மீன்காரி வாய் திறக்குமுன் வாசலுக்கு ஓடிப்போய் வேண்டாம் என்று கையைக் காட்டுவாள். சென்னைக்கு ஆம்னி பஸ் ஓட்டுகிறவன் வீட்டில் பகல்தான் ராத்திரி. அது மேலப்பாளையத்துக்குத் தெரியுமா என்ன?

முன்பு ஒருநாள் குக்கர் விசில் சத்தத்தில் தாஜ் பதறி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்து நரம்பு துடித்ததைக் கண்ணால் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, நெஞ்சு கொஞ்சம் படபடன்னு வருது" என்றான். அன்றிலிருந்து கரண்டி கீழே விழுந்தாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

போன மாதம், அவனோடு முறை மாற்றி வண்டி ஓட்டிய பெருமாள்ராஜ் ஸ்டீயரிங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பஸ் தடுப்பில் உரசி நின்றது. ஜனங்கள் தப்பித்தார்கள், அவர் பிழைக்கவில்லை. முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் காட்டி, பிரஷர் சரியாக இருந்தால்தான் இனி வண்டி என்றுவிட்டார்.

டாக்டரிடம் போகுமுன் அவனை ராத்திரியில் தூங்கவைக்க ஷம்ஸியா ஒரு யோசனை செய்தாள். தங்கச்சி கல்யாணம் என்று பொய் சொல்லி லீவு வாங்கவைத்து, அவனை ஏரலில் தன் உம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முதல் ராத்திரி புரண்டுகொண்டே கிடந்தான். அடுத்த இரண்டு ராத்திரியும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். காலையில் பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியபோது, "அங்கன கறியா?" என்று சிரித்தான். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

டாக்டர் அவன் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு. தூங்குதீங்களா?"

"நல்லாத் தூங்குதேன் சார்."

அது பொய்யும் இல்லை. இரண்டு ராத்திரியாகத்தான் தூங்குகிறார் என்று சொல்ல ஷம்ஸியாவுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் வண்டி போய்விடும். அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்துவிட்டாள்.

முதலாளிக்குத் தைரியம் வந்துவிட்டது. பெருமாள்ராஜின் முறையையும் தாஜ் தலையிலேயே கட்டினார். "நீ நல்லா இருக்கேன்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா!" ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாமலே போயிற்று.

அன்று காலை கண் சிவக்க வந்தவன் கறிப் பொட்டலத்தை நீட்டினான். "குக்கர்லயே வை, ஷம்ஸி. வெயிட்ட எதுக்கு ஒளிச்சு வைக்கே? எனக்கு என்ன நோக்காடா?"

"நீங்க மொதல்ல தூங்குங்க."

"டாக்டர விட நீ பெரிய ஆளோ?"

அவளுக்கும் டாக்டரை நம்ப ஆசையாக இருந்தது. டிரம்மிலிருந்து வெயிட்டை எடுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் எட்டிப்பார்த்தாள். தூக்கத்திலும் அவன் விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்தது ஏரலில் தூங்கி எழுந்த மனுஷனை. இங்கே கிடக்கிறவனை யாருமே பார்க்கவில்லை. தான்தான் இவனை மறைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுப்படியில் வெயிட் ஆடத் தொடங்கியது. ஓடினாள். துணி தேடவும் நேரமில்லை, வெறுங்கையாலேயே பிடுங்கினாள். ஆவி சீறிக்கொண்டு கூரைவரை பாய்ந்தது. உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

உள்ளங்கை வெந்தது. வெயிட்டைக் கீழே போட்டால் சத்தம் வரும். அதைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டு, அவன் மூச்சோ இருமலோ ஏதாவது கேட்குமா என்று உள்ளறைப் பக்கமே காதைக் கொடுத்தபடி நின்றாள்.