பாதி வாக்கியத்தில் நிற்கும் கோகிலா

என் மனைவி கோகிலா, பொங்கலுக்கு முந்தின வாரத்திலிருந்து சமையலறையில் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறாள். கையில் கரண்டி இருக்கிறது. அடுப்பில் சாம்பார் பாதிக் கொதியில் நிற்கிறது. "ஏனுங்க, நான்" என்றாள். அப்போது என் ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது அவள் அப்படியே நின்றிருந்தாள்.

எங்கள் குடியிருப்பில் இது புதிதல்ல. மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் "தம்பி, என்ற மாத்திரை" என்று சொல்லிவிட்டு வருடக்கணக்கில் நிற்கிறார். அவர் கையில் துண்டு காயப்போடுகிறார்கள்.

கவனத்துறையிலிருந்து அமுதவல்லி மேடம் வந்தார். கோகிலாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மீதி வார்த்தை உள்ளதான் இருக்குது. கெட்டுப்போகல."

"வெளிய வருமுங்களா?"

"கேக்கறதுக்கு ஆள் இருந்தா வரும். இருக்கறீங்களா?"

"இங்கதானுங்க நிக்கறேன்."

"நிக்கறது வேற."

அவர் என்னைச் சுற்றி வந்து முதுகில் தட்டிப் பார்த்தார். காலி டின்னைத் தட்டிய சத்தம் வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தினமும் ஒரு சின்னப் பழக்கம்," என்றார். "முருங்கைக்கீரை ஒரு கட்டு. உக்காந்து இலை இலையா உருவோணும். நடுவுல ஃபோனப் பாக்கப்படாது. ஒரு கட்டு முடிஞ்சா அம்மணி ஒரு வார்த்தை சொல்லுவாங்க."

"யோகா மாதிரி எதாச்சும் இல்லீங்களா?"

"உங்க நெலமைக்கு அதெல்லாம் பெருசு."

போகும்போது என் ஃபோனை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டுப் போனார்.

சமையலறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்தேன். பாதிக் கட்டு உருவியிருப்பேன். அரிசி டின் உறுமியது. எழுந்து கையை விட்டுத் துழாவி ஃபோனை எடுத்தேன். எனக்குத் தெரியாத ஒருவர், எனக்குத் தெரியாத இன்னொருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார். கடைசி வரை படித்துவிட்டு மறுபடி டின்னுக்குள் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் உருவிய இலையெல்லாம் காம்புக்கே போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஹாலும் ஒரு பாய் நீளம் வளர்ந்திருந்தது.

அதன் பிறகு ஃபோனைப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஹால் வளர்ந்தது. வாசல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம் என்று காலையிலேயே நடக்க ஆரம்பித்தேன். மத்தியானம் டிவி வரைக்கும்தான் வர முடிந்தது. சாப்பாடு கட்டிக்கொண்டு வராததால் திரும்பிவிட்டேன்.

கீரைக்காரம்மா மொபெட்டில்தான் உள்ளே வருகிறார். "இந்த ஹாலுக்குள்ள ஒரு பெட்ரோல் பங்க் இருந்தாத் தேவலைங்," என்று அலுத்துக்கொண்டார். அவரோடு வண்டியில் வெளியே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. வாய் திறந்தபடி நிற்கும் மனைவியை விட்டுவிட்டு எங்கே போவது?

ஒரு தடவை ஏமாற்றிப் பார்த்தேன். முருங்கைக்கீரையைச் சாயங்காலமே ஈரத்துணியில் சுற்றி வைத்தால், காலையில் உதறினால் போதும், இலை தானாக உதிர்ந்துவிடும். இது எல்லா வீட்டிலும் செய்வதுதான். உதறினேன். கோகிலா மடமடவென்று பேசினாள்.

"தலகாணி. சிலிண்டர். பவானி. சுண்டக்கா. பெரியம்மா."

ஒன்றுகூட அந்த வாக்கியத்தைச் சேர்ந்ததில்லை. எல்லாவற்றையும் கூட்டி அள்ள வேண்டியிருந்தது. 'பெரியம்மா' மட்டும் நல்ல கனம்.

பிறகு ஒழுங்காக உருவ உட்கார்ந்தேன். டின்னுக்குள் சார்ஜ் தீர்ந்து ஃபோன் செத்தது. விட்டது தொல்லை என்று நினைத்தேன். அந்தக் கட்டு முடிவதற்குள், ஹாலின் அந்தக் கடைசியில் சின்னதாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது நடந்து வந்தது. வந்து சேர்ந்த பிறகுதான் எதிர்வீட்டு சென்னியப்பன் அண்ணன் என்று தெரிந்தது. அவர் முகம் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஃபோனுக்கு வர வேண்டியதெல்லாம் இப்போது அவருக்கு வந்துகொண்டிருந்தது.

"தம்பி, நீங்க போன மாசம் ஒரு செருப்பப் பாத்தீங்களாமா?"

"பாத்தனுங்கண்ணா."

"அது இன்னும் உங்களையே நெனச்சுட்டு இருக்குதாம்."

"நான் கீரை உருவிட்டிருக்கறேனுங்க."

"எனக்கு மட்டும் ஆசைங்களா? வருது, சொல்றேன்." அவர் முகம் வாடியது. உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. "உங்க ஒண்ணுவிட்ட மச்சான் ஒரு போட்டோ போட்டிருக்காரு. பன்னு சாப்படறாரு."

"என்ன பன்னு?"

கேட்டிருக்கக் கூடாது. இலைகள் காம்புக்குத் திரும்பின. ஹால் வளர்ந்தது.

அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்க்கப் பழகினேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொரு இலைக்கும் ஒரு நரம்பு இருப்பது தெரிந்தது. அவர் சொல்வது காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. முதல் கட்டு முடிந்த அன்று கோகிலா "உங்ககிட்ட" என்றாள். நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அடுத்து "ஒரு" வந்தது. அதற்கடுத்து "விசயம்" வந்தது.

அந்த 'விசயம்' எனக்குப் பிடிக்கவில்லை. குரல் அடியில் கம்மியிருந்தது. பொங்கலுக்கு முந்தின அந்த வாரம் அவள் தனியாக எங்கோ போய்விட்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. தூசியா என்று கேட்டேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. டாக்டரிடம் போனாளோ. என்னை விட்டுப் போகத் தீர்மானித்துவிட்டாளோ. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் அவசரமாக உருவ, இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கட்டு எடுத்தேன்.

அது முடிந்ததும் சாம்பார் கொதித்தது. கரண்டி அசைந்தது.

"சொல்லட்டுங்களா?" என்றாள் கோகிலா.

ஏனுங்க, நான் உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லட்டுங்களா. வாக்கியம் அவ்வளவுதான். இத்தனை கட்டுக் கீரையும் இதற்குத்தான். பரவாயில்லை என்று எழுந்து அவள் எதிரில் போய் நின்றேன்.

"சொல்லு," என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் சென்னியப்பன் அண்ணன் என்றைக்கும் இல்லாத அளவுக்கு எரிந்தார். சமையலறைச் சுவரெல்லாம் நீலமானது. "தம்பி, இது முக்கியமானதுங்க," என்றார். நடுங்கி நிலைப்படியில் இடித்துக்கொண்டார். நான் திரும்பவில்லை. கழுத்து கொஞ்சம்கூட அசையவில்லை. பரவாயில்லையே, நான் திரும்பவில்லையே என்று நினைத்தேன். இதை அமுதவல்லி மேடத்திடம் சொல்ல வேண்டும். இப்போது அவர் என் முதுகில் தட்டினால் டின் சத்தம் வராது. மூன்றாவது மாடிக்காரர்களுக்குக்கூட இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கலாம்.

கோகிலா வாயை மூடினாள்.

"அவ்வளவுதானுங்க," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொன்ன பொறவுதான் மனசு லேசாச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

வாசல்படியில் சென்னியப்பன் அண்ணன் தேம்பிக்கொண்டிருந்தார்.

"இத்தனையும் மனசுலயே வெச்சிருந்தியா அம்மணி," என்றார். அவர் கேட்டிருக்கிறார்.

என் காதில் ஒரு வார்த்தைகூட விழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

"கோகிலா, இன்னொரு" என்றேன்.

'தடவ சொல்லு' தொண்டையில் தயாராக இருந்தது. அப்போது சென்னியப்பன் அண்ணன் அதிர்ந்தார். "இது உனக்கு வந்தது அம்மணி. மாசக்கணக்குல சேந்து கெடக்குது," என்றார். கோகிலா அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள்.

அவள் படித்து முடித்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பாய் நீளம் தரை விழுந்திருந்தது. அவளை நோக்கிக் கையை நீட்டி, வாயைத் திறந்தபடி நான் அப்படியே நின்றிருந்தேன்.

அமுதவல்லி மேடம் வந்தார். என் வாய்க்குள் டார்ச் அடித்தார். "மீதி வார்த்தை உள்ளதான் இருக்குது," என்றார். என்ன செய்ய வேண்டும் என்று கோகிலாவுக்கும் சொல்லிவிட்டுப் போனார். கோகிலா தலையாட்டினாள். பிடிதுணியைக் கழுவிப் பிழிந்து, நீட்டியிருந்த என் கையில் போட்டாள்.

தூரத்தில் மொபெட் சத்தம் கேட்கிறது. கீரைக்காரம்மா வந்து கட்டை முறத்தில் வைக்கிறார். கோகிலா முகத்தைச் சுளிக்கிறாள். அவளுக்கு முருங்கைக்கீரை வாசனையே ஆகாது. கல்யாணமான புதிதில் சொன்னாள். அதை மட்டும் நான் முழுதாகக் கேட்டிருந்தேன்.