குரல் விடுபட்ட பிரதி

குரல் வரவேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. திரையில் அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசற்கதவைப் பிடித்தபடி நின்றாள். இந்த இடத்தில்தான் உள்ளறையிலிருந்து புருஷன், "எங்க கிளம்பிட்ட? நீ சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டும். படம் முழுக்க அவள் பேசப் பேச ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத வீட்டில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே பதில் அது. வெளியீட்டு நாள் காலை ஆட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இயக்குநர் தன்னையறியாமல் அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. குரல் மட்டும் இல்லை. அவள் திரும்பினாள், முகம் மெல்ல இளகியது, திரை வெளுத்துக்கொண்டே போய் வெறும் வெள்ளையாகி நின்றது.

முன்வரிசையில் ஒரு பெண் தன் தோழியிடம், அப்படியானால் இவள் முதலிலிருந்தே உயிரோடு இல்லையா என்று சத்தமாகவே கேட்டாள். அந்தக் கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. யாரோ கை தட்ட, அரங்கமே சேர்ந்து தட்டியது. இயக்குநருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் படத்துக்கும் பேய்க்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. வீட்டில் ஒரு பெண் பேசுகிறாள், புருஷனும் வளர்ந்த பிள்ளைகளும் காதில் வாங்குவதில்லை, அவ்வளவுதான் கதை. அதைவிடக் குழப்பம் என்னவென்றால், திரை வெளுத்தபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. தானே எழுதித் தானே எடுத்து, சலித்துப் போகிற வரைக்கும் பார்த்த காட்சி. அதில் இவ்வளவு பயம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றவர்கள், படத்தை எடுத்து வெளியிட்டுப் பார் என்று சேர்த்துச் சொல்லாததற்குக் காரணம், அந்தக் காலத்தில் அந்தப் பைத்தியம் யாருக்கும் பிடிக்கவில்லை என்பதுதான். இயக்குநரின் படக் கம்பெனி என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவன், இன்னொன்றில் கூடப் படித்த தோழி. தயாரிப்பாளர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் எல்லாரும் அவளைக் கேலியாக 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். படப்பிடிப்பில் விளக்குப் பிடித்ததும் முதலாளிதான், சுவரொட்டிக்குப் படம் எடுத்ததும் முதலாளிதான். படம் முடிந்து தியேட்டர் தியேட்டராக அலைந்தபோதுதான் தெரிந்தது, எடுப்பது அரைக்கிணறு, மீதி அரைக்கிணறு அதைக் கொண்டுபோய் ஜனங்கள் முன்னால் போடுவது. விநியோகஸ்தர் படத்தைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, இதை என்ன படம் என்று சொல்லி விற்பது என்று கேட்டார். 

முதலாளிதான் முன்னோட்டத்தைப் புதிதாக வெட்டினாள். ஆளில்லாத கூடம், தானாக அசைகிற திரைச்சீலை, படத்தின் அந்தப் பெண் கூப்பிடுகிறாள், யாரும் திரும்பவில்லை, கதவு கிறீச்சிடுகிறது. இயக்குநர் முகத்தைச் சுளித்தபோது அவள், "வீட்டுல ஒரு அம்மா தனியா இருக்காங்கன்னு சொன்னா யாருடா வருவா? அதை அவங்கவங்க வீட்டுலயே இலவசமா பாக்கலாமே" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் அனுப்பிவிட்டாள். முன்னோட்டத்தைப் பார்த்த விநியோகஸ்தர் மறுநாளே தியேட்டர் பிடித்துக் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறது என்று அன்றே தோன்றியது. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் குரங்கு இல்லை பிள்ளையார்தான் என்று ஜனங்களே புரிந்துகொள்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

அரங்கிலிருந்து வெளியே வந்து எடிட்டருக்குப் போன் போட்டான். எடிட்டர் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டபோது குரலில் உயிரே இல்லை. வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று படத்தைத் தங்கள் மொழியில் பேசவைத்துப் போட விரும்பியது. அதற்காக வசனத்தை நீக்கிவிட்டு, இசையும் மற்றச் சத்தங்களும் மட்டும் உள்ள ஒலியைத் தனியாகச் செய்திருந்தார்கள். தியேட்டருக்கான பிரதியைப் பாகம் பாகமாகக் கோத்தபோது, கடைசிப் பாகத்தில் தவறுதலாக அந்த வசனமில்லாத ஒலி சேர்ந்துவிட்டது. கடைசிப் பாகத்தில் வசனம் என்று இருந்ததே புருஷனின் அந்த ஒரு கேள்விதான். அதனால் எதுவும் விடுபட்டதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

வெளியீட்டுக்கு முன்னால் தியேட்டரில் ஓட்டிப் பார்க்க இவர்களுக்கும் நேரம் கொடுத்தார்கள். கொடுத்த கொஞ்ச நேரத்தில் படத்தின் ஆரம்பத்தைப் பார்த்தார்கள், பிறகு நேராக முடிவில் ஓடுகிற பெயர்ப் பட்டியலுக்குத் தாவிவிட்டார்கள். கேமரா தூக்கியவர், வண்டி ஓட்டியவர், மைக் பிடித்தவர் என்று அத்தனை பேரும் கழுத்தை நீட்டித் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இயக்குநரும் தன் பெயரைத்தான் பார்த்தான். பெயரெல்லாம் சரியாக இருந்தது.

எடிட்டரிடம் பேசி முடித்ததும் அவனுக்குக் காற்று வேண்டும்போல் இருந்தது. தியேட்டர் வளாகத்தின் வாசலில் ஆளைக் கண்டதும் தானே திறக்கிற கண்ணாடிக் கதவு. அன்றைக்கு அதற்கு என்ன கோபமோ, முன்னால் போனவருக்குச் சட்டென்று திறந்தது, இவன் போய் நின்றபோது கம்மென்று இருந்தது. தலைக்கு மேலே இருந்த சென்சாரின் சின்னக் கறுப்புக் கண்ணைப் பார்த்துக் கையை ஆட்டியபிறகு மனமிரங்கியது.

புருஷனின் அந்தக் கேள்வி முதலில் எழுதியதில் இல்லை. அதைக் கேட்டு வாங்கியவள் அவனுடைய அக்கா. படம் எடுத்தது அக்காவின் வீட்டில்தான். வாடகை இல்லாத வீடு என்பது ஒரு காரணம், அந்த வீட்டைப் பார்த்துத்தான் கதையே வந்தது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா கதையைக் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் தேநீர் போட்டாள், நடிகைக்குத் தன் நீலக் கைப்பையைக் கொடுத்தாள், பாத்திரங்களை எந்த அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று காட்டினாள். கடைசிக் காட்சியை ஒத்திகை பார்த்தபோது சமையலறை வாசலில் நின்று பார்த்தவள், "கடைசியிலயாவது அந்த ஆளு ஒரு வார்த்தை கேட்டா என்னடா, கிரீடம் இறங்கிடுமா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் அங்கேயே அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தான்.

புருஷனாக நடித்தவர் வேலை முடிந்து கிளம்பிவிட்டிருந்தார். குரல்தானே என்று மாமாவையே, அதாவது அக்காவின் கணவரையே, பேசச் சொன்னார்கள். மாமா கெட்டவர் இல்லை. பேச்சு அவருக்கு மருந்து மாதிரி, டாக்டர் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்வார். எதிரொலி வராமலிருக்கப் படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, துணிகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தினார்கள். மாமா அதன் முன்னால் நின்று, நீ சாப்பிட்டியா, நீ சாப்பிட்டியா என்று விதம்விதமாகக் கேட்டார். முதலில் ரயில் அறிவிப்பு மாதிரி இருந்தது. களைத்துப் போய், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுக் கேட்டபோது நிஜமாகவே கேட்டதுபோல் வந்துவிட்டது. இயக்குநர் கதவைத் திறந்தபோது அக்கா தேநீர்த் தட்டோடு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒரு கோப்பையிலும் சர்க்கரை இல்லை.

மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் அதே பேச்சாகிவிட்டது. கடைசி நொடியில் தூக்கிவாரிப்போட்டது என்று ஒருவர் எழுதினார். அவள் பேசும்போது யாரும் பதில் சொல்லாததை முதலிலேயே கவனித்தேன் என்று இன்னொருவர் சாமர்த்தியம் காட்டினார். வெள்ளைத் திரை மறுவுலகம் என்று ஒருவர் நீளமாக விளக்கியிருந்தார். கறுப்பு கடுமையாக இருக்கிறதே என்று எடிட்டர் போட்ட வெள்ளை அது. முதலாளி போனில் சிரித்தாள், உடனே அழுதாள், பிறகு என்ன செய்வது என்று அவனையே கேட்டாள். சரியான பிரதியை மறுநாளே அனுப்பிவிடலாம் என்று எடிட்டர் சொல்லியிருந்தார். விநியோகஸ்தர் வேறு கணக்கில் இருந்தார்.

"தம்பி, நீங்க எடுத்தது ஒரு படம், ஜனங்க பாத்தது ஒரு படம். நான் ஜனங்க பாத்ததைத்தான் மத்த ஊர் தியேட்டருங்களுக்கு சொல்லிட்டிருக்கேன்" என்றார். "அந்தக் குரலைப் போட்டா அவ உயிரோட இருக்கான்னு ஆயிடும். அப்புறம் இது சாதா படம்."

"சாதா படம்தான் சார்."

"அப்ப இந்த வாரத்தோட முடிஞ்சிரும். சாயங்கால ஆட்டம் விட்டதும் கூப்பிடறேன். யோசிச்சு வைங்க."

யோசித்தான். யோசிக்க யோசிக்க நூல்கண்டில் முனை உள்ளே போய்விட்டது. குரலைச் சேர்த்தால் படம் செத்துவிடும். சேர்க்காவிட்டால் அவள் செத்துவிடுவாள். இந்தப் படம் ஓடினால்தான் அந்த மேசையும் நாற்காலியும் நிற்கும். போகட்டும் என்று விடலாமென்றால், தியேட்டரில் உடம்பு சிலிர்த்ததை என்ன செய்வது? ஒருவேளை அந்தக் குரல்தான் பொய்யோ? அக்கா கேட்டாளே என்று, அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் எழுதிவிட்டோமோ? அந்த வீட்டில் அவன் எத்தனையோ நாள் தங்கியிருக்கிறான், யாரும் அப்படிக் கேட்டு அவன் காதால் கேட்டதில்லை. உண்மையைச் சொல்வதற்கு ஒரு தவறு தேவைப்பட்டதா என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாயங்கால ஆட்டத்துக்கு அக்காவும் மாமாவும் வருவது முன்பே முடிவானது. நாளைக்கு வாங்களேன், இன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று போனில் சொல்லிப் பார்த்தான். கூட்டமென்றால் நல்லதுதானே என்றாள் அக்கா. மாமா அலுவலகத்தில் எல்லாரிடமும் தன் குரல் படத்தில் வருகிறது என்று சொல்லியிருக்கிறாராம், அவராக வாயைத் திறந்து சொன்னாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபிறகு, நடந்ததைச் சொல்லாமலே அவன் போனை வைத்துவிட்டான்.

அக்கா அதே நீலக் கைப்பையோடு வந்தாள். மாமா சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். இயக்குநர் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் ஓட ஓட அக்காவின் தலை ஆடாமல் அசையாமல் இருந்தது. கடைசிக் காட்சி வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்கையால் அக்காவை லேசாக இடித்தார், இதோ வருது என்பதுபோல. அக்கா அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். மின்விசிறி சுற்றியது, குழாய் சொட்டியது. திரை வெளுத்தது. மாமாவின் முழங்கை இருந்த இடத்திலேயே நின்றது.

படம் முடிந்து தியேட்டரின் முன்கூடத்துக்கு வந்ததும் மாமா அவனைத் தனியாக அழைத்தார். "நான் பேசினது சரியில்லையா? வேற யாரையாவது பேச வெச்சிருக்கலாமே" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. இல்லை மாமா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தான். அவர் பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு, வண்டியை எடுத்து வருவதற்காக வெளியே போய்விட்டார். போகிறேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை. எப்போதும்போலத்தான்.

அக்கா சுவரொட்டியின் அருகில் நின்றிருந்தாள். கடந்துபோன ஒரு பெண் கைப்பையைப் பார்த்து ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே போனாள்.

"பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லுதுடா, அவ ஆரம்பத்துலயே செத்துட்டாளாம். அதனாலதான் யாரும் பதில் சொல்லலையாம்" என்றாள் அக்கா. கோபமில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பவள் போலத்தான் கேட்டாள். "நான் அப்படி நினைக்கவே இல்லை. எனக்கு எல்லாம் சாதாரணமாத்தான் தெரிஞ்சுது. நீ அப்படி நினைச்சுத்தான் எடுத்தியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். காலையில் சிலிர்த்த உடம்பு நினைவுக்கு வந்தது.  கையில் போன் அதிர்ந்தது. விநியோகஸ்தர். பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் இவருக்கு என்ன சொல்வது என்று தெரிந்தால் அக்காவுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அக்காவுக்குச் சொல்லிவிட்டால் இவருக்கும் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது.

நிமிர்ந்தபோது அக்கா அங்கே இல்லை. அவன் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மாமாவின் வண்டி விளக்கெரிய நின்றது. அவர் ஸ்டியரிங்கில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. அக்கா ஓர் அடி பின்னால் வந்து மறுபடி முன்னால் போனாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மேலே இருந்த கறுப்புக் கண்ணை அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, தூரத்தில் தெரிந்தவர் யாரையோ கூப்பிடுவதுபோல் மெதுவாக ஆட்டினாள்.